பட்டை அடித்த மரங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ் காலை ஏழே காலுக்குக் கிளம்பும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. நான் ஆறரைக்கே போய் நின்றேன். ஓய்வு பெற்றதிலிருந்து எல்லா இடத்துக்கும் முன்கூட்டியே போய்விடுகிறேன். போன பிறகு உட்கார முடிவதில்லை. அன்று பஸ் எட்டுக்குக் கிளம்பியது. அதுவரை நிலையத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று எனக்குத் தெரியாது. அங்கே வெற்றிலை விற்ற அம்மாளுக்குத் தெரியும். "யாராச்சும் காணாம பூட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

கையில் ஒரு துணிப்பை, அளவு நாடா, ஒரு டப்பா காவி, சிறு மூட்டை சுண்ணாம்பு, பனைநாரில் கட்டிய வெள்ளையடிக்கும் மட்டை. காட்டிலாகா உத்தியோகத்தில் இருந்தபோது வெட்ட வேண்டிய மரத்தின் மேல் அரசாங்க முத்திரை செதுக்கிய சுத்தியலால் அடித்துக் குறி வைப்போம். ஓய்வு பெறும் நாளில் அந்தச் சுத்தியலை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்பது விதி. வாங்கிவிட்டேன். முத்திரை போன மனிதனுக்குச் சுண்ணாம்பும் காவியும்தான் கதி.

கண்டக்டர் டப்பாவைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இன்னா நைனா இதுல?"

"காவி."

"மூட்டையில?"

"சுண்ணாம்பு."

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கில்லை. மரத்துக்கு. வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளம் போட."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வெட்டற மரத்துக்கு எவனாச்சும் பட்டை அடிப்பானா? டிக்கெட்டு எழுவது, சுமைக்குப் பதினஞ்சு, எடு" என்றார். நயா பைசா வந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. இன்னும் பஸ்ஸில் பாதிப் பேர் அணாவாக மாற்றித்தான் சண்டை போடுகிறார்கள். நானும் போட்டேன். அந்தச் சண்டையில் அவர் கேட்ட கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. மறந்திருக்கக் கூடாது.

நான் போன காரியத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓய்வு பெற்ற ரேஞ்சர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். தோப்பும் காடும் சொந்தமாக வைத்திருப்பவர்களை நேரில் போய்ப் பார்த்து, மொத்தமாக வெட்டித் தரையாக்காதீர்கள், முதிர்ந்த மரத்தை மட்டும் பொறுக்கி எடுங்கள், சில வருஷம் விட்டு மறுபடி பொறுக்குங்கள், தோப்பின் தலை எப்போதும் மூடியே இருக்கட்டும் என்று சொல்வது எங்கள் வேலை. இதற்குப் 'பொறுக்கு வெட்டு' என்று பெயர் வைத்தோம். மரமும் கிடைக்கும், தோப்பும் நிற்கும். அரசாங்கக் காட்டில் இதைச் செய்ய ஒரு அதிகாரியின் கையெழுத்து போதும். சொந்தத் தோப்பில் சொந்தக்காரரின் மனசு வேண்டும். தனியார் காடுகளுக்குச் சட்டம் ஒன்று உண்டு; ஆனால் பெரிய மலைக்காடுகள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். எட்டு ஏக்கர் தோப்பைக் காடு என்று அது ஒப்புக்கொள்வதில்லை.

பதினெட்டு மைல். வழியெல்லாம் சவுக்குக் கட்டை ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன, எல்லாம் பட்டணத்து அடுப்புக்கு. மாசி மாதம், ஏரிகளில் வெடித்த சேறுதான் இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு உத்திரமேரூரில் இறங்கினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஓலைச்சீட்டைக் குடத்தில் போட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைச் சுவரில் வெட்டி வைத்திருக்கும் ஊர் இது. யார் யார் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இலாகாவின் சுற்றறிக்கைகளைவிடத் தெளிவாக இருக்கிறது.

கூட்டம் பதினொரு மணிக்கு, ஒரு நெல் மில்லின் கொட்டகையில். தோப்புக்காரர்கள் ஒன்பது பேருக்குக் கார்டு போட்டிருந்தேன். நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் நான் மரம் வெட்ட லைசென்ஸ் கொடுக்க வந்திருப்பதாக நினைத்து வந்தவர்கள்.

பேசி முடித்ததும் மில்காரர் எழுந்தார்.

"இன்னா வெட்டு சொன்னீங்க சார்? பொறுக்கியா?"

"பொறுக்கு வெட்டு."

"அதான் சார், பொறுக்கி வெட்டு. எங்க ஊர்ல ரொம்ப நாளா நடந்துகினுதான் கீது. ராவுல வந்து நல்ல மரமா பாத்து வெட்டிகினு போறானுங்களே, அவனுங்கல்லாம் யாரு?"

கொட்டகை சிரித்தது. எங்கள் சங்கத்தில் நாலு பேரும் மூன்று கூட்டம் போட்டு விவாதித்து வைத்த பெயர் அது.

இன்னொருவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "கொயந்தைக்கு மொட்டை அடிச்சாத்தானே சார் முடி அடர்த்தியா வருது? தோப்பும் அப்டித்தானே?"

"மொட்டை அடிக்கிறவர் தலைத்தோலை உரிச்சுக்கிட்டுப் போறதில்லை. மரம் பூராவும் போனால் மழை மண்ணைக் கொண்டுபோயிடும்."

"இங்க மயை பெஞ்சாத்தானே சார்?" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு. கூட்டம் கலைந்தது.

ஒருவர் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். பெயர் ஏகாம்பர முதலியார். ஐம்பது வயதிருக்கும். பெருநகர்ப் பக்கம் ஆறு காணித் தோப்பு, அதாவது எட்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. புளி, இலுப்பை, நாவல், வாகை, வேம்பு எல்லாம் தானாக முளைத்துக் கலந்து நிற்கிற தோப்பு. சனிக்கிழமை காலை வெட்டு ஆட்கள் வருகிறார்களாம். மொத்தத்தையும் வெட்டி, விற்று, கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வாங்கி, தரையில் சவுக்கு வைக்கப் போகிறாராம். அதற்கு முன் நான் அவரோடு வந்து தோப்பைப் பார்க்க வேண்டுமாம்.

"பின்னே என்னை ஏன் கூப்பிடுறீங்க?"

"எங்க அண்ணி கீறாங்க சார். அண்ணன் செத்து பத்து வருஷமாச்சி, தோப்பு இன்னும் பொதுவுலதான் கீது. வெட்டக் கூடாதுன்னு ஒரே பேஜார். நீங்க ரேஞ்சரு. வந்து பாத்துட்டு, முத்திப்போச்சி, வெட்டலாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க வாய் அடங்கும்."

ஆக, மொத்தமாக வெட்டாதே என்று சொல்ல வந்தவனை மொத்தமாக வெட்டச் சொல்வதற்கு அழைத்தார். நான் உடனே வண்டியில் ஏறிவிட்டேன். அந்தக் கொட்டகையில் இன்னொரு நிமிஷம் நிற்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெருநகர்ப் பாதை ஏழு மைல் என்று மைல்கல் சொல்கிறது. பாரவண்டியில் உட்கார்ந்த இடுப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாதி வழிக்கு மேல் நான் இறங்கி மாட்டுக்கு முன்னால் நடந்தேன். "வண்டிக்கு மூணாவது மாடு கெடச்சிட்டுது" என்றார் வண்டிக்காரர்.

முதலியார் வீட்டில் மோர் கொண்டுவந்து வைத்தவர் அண்ணி தனகோட்டி அம்மாள். ஒல்லியான உருவம், கையில் இலுப்பைக்கொட்டை உடைத்த கறை. உட்காரச் சொல்லவில்லை. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

"ரேஞ்சரய்யா, வெட்டச் சொல்ல வந்தீங்களா, வெட்டாதேன்னு சொல்ல வந்தீங்களா?"

"வெட்டிக்கிட்டே வெட்டாம இருக்கச் சொல்ல வந்தேன்."

"அது எப்டி? துன்னுகினே பட்டினி கெடக்கற மாதிரியா?"

முதலியார் குறுக்கே வந்தார். "அண்ணி, இஞ்சின் வந்தா மூணு போகம் நெல்லு."

"தோப்ப வெட்டி இஞ்சின் வாங்குவ. இஞ்சின் எறைக்கறதுக்குத் தண்ணி வாங்க எத்தை வெட்டுவ? கெணறு தோப்புக்குக் கீயதானே கீது? மேலத்தெருவுல தோப்ப மொட்டை அடிச்சானே, மறு வருஷமே அவன் கெணத்துல பாறை தெரிஞ்சுதா இல்லியா?"

"அந்த வருஷம் மயை இல்ல அண்ணி."

"நம்ம கெணத்துக்கு மட்டும் தனியா மயை பெஞ்சுதாப்பா?"

இருவருக்கும் நடுவில் நான் நடந்துகொண்டே பேசினேன். முதிர்ந்த மரங்களை மட்டும் நான் குறித்துக் கொடுக்கிறேன். அது இஞ்சினுக்குக் காணும். மிச்சம் நிழலாக நிற்கும். கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்தாறு வருஷத்தில் அடுத்த வரிசை முதிரும். முதலியார் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, இஞ்சின் கிடைத்தால் சரி என்றார். அண்ணி கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "நானும் கூட வருவேன். ஒவ்வொரு மரத்துக்கும் என்னைக் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் தோப்புக்குள் போனோம். நாலரை அடி உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவு பார்ப்பது, ஆறடிக்கு மேல் இருந்தால் யோசிப்பது, அடுத்தடுத்து இரண்டு மரத்தைக் குறிக்காமலிருப்பது, கீழே கன்று காத்திருக்கிற மரத்தை முதலில் எடுப்பது. இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. குறிக்கிற மரத்தின் நெஞ்சில் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் காவியில் பட்டைகள் போட்டேன். அடியில் இன்னொரு பட்டை. அந்தி வெளிச்சத்திலும் தவறாது தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளை மேல் சிவப்பு. என் யோசனைதான்.

தனகோட்டி அம்மாள் ஏறக்குறைய ஒவ்வொரு மரத்துக்கும் வழக்காடினார். இந்த நாவலில் கிளி அடையும். இந்த வேம்பின் காற்றுதான் களத்துக்கு வரும். கிணற்றுப் பாதையில் நின்ற பெரிய இலுப்பையின் அருகே வந்ததும் மரத்துக்கும் மட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இது வருஷா வருஷம் மூணு மரக்கால் கொட்டை போடுது. என் வெளக்கு இதுலதான் எரியுது."

"வயசாயிடுச்சும்மா. உச்சி காய ஆரம்பிச்சாச்சு பாருங்க."

"எனக்கும்தான் வயசாயிடுச்சி. எனக்கு எங்க பட்டை அடிக்கப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடித்துவிட்டேன். விதி விதிதான். அவர் வாய் திறக்காமல் விட்டவை கொஞ்சம்தான்: உள்ளே சொத்தை விழுந்த வாகைகள், இடி விழுந்து ஒரு பக்கம் கருகிய புளி, வேலியோரம் சாய்ந்து கிடந்த வேம்பு, அந்த மாதிரி. மாலைக்குள் இருபத்தேழு மரம் பட்டையோடு நின்றது. தோப்பின் நிழல் கலையாமல் அவை போகலாம். நின்று பார்த்தபோது திருப்தியாக இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக, மரத்துக்கு மரம், பார்க்க லட்சணமாகவும் இருந்தது.

திரும்புகிற வழியில் டீக்கடையில் வெட்டு மேஸ்திரி கன்னியப்பன் எதிர்ப்பட்டார். முதலியார் அவரிடம், "ரேஞ்சரு பட்டை அடிச்சிகீறாரு. நாளைக்கு அத்தைப் பாத்து ஒயுங்கா வெட்டு" என்றார். கன்னியப்பன் தலையாட்டினார். ஆணை சுருக்கமாகவும் தெளிவாகவும் இருப்பதாக நான் நினைத்தேன்.

முதல் மரம் விழும்போது குறி வைத்த அதிகாரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதைப் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு ரேஞ்சு ஆபீஸ் சுவர்களில் மாட்டியவன் நான். ஆனால் புள்ளலூரில் இன்னொரு தோப்புக்காரர் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஒரே இடத்தில் மூன்றாம் நாள் என்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

சனிக்கிழமை காலை பெருநகரில் பஸ்ஸுக்கு நின்றேன். உட்காரக் கல் இருந்தது. அதைச் சுற்றி நடந்தேன். நாஷ்டா கட்டிக் கொடுத்திருந்ததைப் பிரிக்கவில்லை. அப்போது தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், கற்பூரம் வைத்துக்கொண்டு பெண்கள் நாலைந்து பேர் நான் வந்த வழியே எதிர்த்திசையில் போனார்கள்.

"இன்னிக்கு என்னம்மா விசேஷம்?"

"மொதலியார் தோப்புல சாமி கீதாமே சார்! ஒன்னு ரெண்டு இல்ல, இருவத்தேழு. பட்டணத்துலேந்து ஒரு பெரியவரு வந்து மரம் மரமாத் தொட்டுப் பாத்து, சாமி கீற மரத்துக்கு மட்டும் பட்டை அடிச்சிட்டு பூட்டாராம்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கோயில் மதிலில், குளத்துப் படியில், அய்யனார் மேடையில், போகிற வழியெல்லாம் வெள்ளையும் காவியுமாகப் பட்டைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பதினைந்து நயா பைசா சுமைக்கூலியோடு கண்டக்டர் இலவசமாகக் கொடுத்த எச்சரிக்கை இரண்டு நாள் கழித்து எனக்கு எட்டியது. முந்தின மாலை தலையாட்டிய மேஸ்திரியின் முகம் நினைவுக்கு வந்தது.

வாடகைச் சைக்கிள் மணிக்கு இருபது நயா பைசா. பின்னால் டப்பாவும் மூட்டையும் கட்டி, இரண்டு மைல் மிதித்தேன். தோப்புக்கு அரை பர்லாங்கு இருக்கும்போதே கோடாலிச் சத்தம் கேட்டது. முதிர்ந்த மரத்தில் விழுகிற சத்தம் கனமாக இருக்கும். இது இளசான சத்தம்.

உள்ளே பதினொரு மரம் விழுந்து கிடந்தது. எல்லாம் இள நாவல், இளவேம்பு. அடுத்த இருபது வருஷத்துக்கு என்று நான் விட்டுவைத்தவை. பட்டை அடித்தவை அத்தனையும் கம்பீரமாக நின்றன. விடியலிலேயே வந்துவிட்ட பெண்களின் உபயத்தில் நெற்றியில் குங்குமம், அடியில் கற்பூரக் கரி.

"நிறுத்து! நிறுத்துப்பா!"

கன்னியப்பன் கோடாலியை ஊன்றிக்கொண்டு மரியாதையாக நின்றார். "இன்னா சாமி, எதுக்கு இப்டி ஓடியாறீங்க?"

"பட்டை அடிச்ச மரத்தைத்தானே வெட்டச் சொன்னது!"

அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பட்டை அடிச்சதையா? வெள்ளையும் செவப்புமா பட்டை அடிச்சா அது சாமி சொத்து இல்லியா? அதுல எவனாச்சும் கோடாலி வெப்பானா? 'பட்டையப் பாத்து ஒயுங்கா வெட்டு'ன்னாரு மொதலியார். பாத்துகினு, ஒயுங்காத்தான் வெட்டறோம். ஒரு பட்டைல ஒரு கீறல் கீதா, நீங்களே பாருங்க."

பார்த்தேன். கீறல் இல்லை. விழுகிற மரத்தின் கிளைகூடப் பட்டை மரத்தில் உரசாதபடி கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். என் வேலைக் காலத்தில் அவ்வளவு சுத்தமான வெட்டை நான் பார்த்ததில்லை.

முதலியார் குடையோடு ஓடி வந்தார். முதலில் கன்னியப்பனைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆபீஸ்ல வெட்டற மரத்துக்கு இன்னாத்தால அடிப்பாங்க?"

"சுத்தியலால."

"அத்தை எடுத்தாறதுதானே சார்!"

ரசீதைப் பற்றிச் சொல்ல அது நேரமில்லை.

"போனது போவட்டும். இந்தப் புளிய வெட்டு" என்றார் அவர். கன்னியப்பன் கோடாலியைக் கீழே வைத்தார். அவர் வைத்ததும் மற்ற ஆறு பேரும் வைத்தார்கள்.

"பொட்டு வெச்சாச்சி, கற்பூரம் கொளுத்தியாச்சி. நான் புள்ளகுட்டிக்காரன் நைனா."

"தண்ணி ஊத்திப் பட்டையை அழிச்சுட்டா?" என்றேன்.

"அயிச்சா சாமி எங்க போவும்? எந்தலை மேலயா?"

முதலியாரின் பொறுமை அத்தோடு முடிந்தது. "சரி, சாமி மரம் சாமிக்கே இருக்கட்டும். மத்தது பூரா வெட்டு. ஒன்னு வுடாத. எனக்கு இஞ்சின் வேணும்."

அதில் கன்னியப்பனுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்கள் கோடாலியை எடுத்தார்கள். இருபத்தேழு கிழ மரங்கள் வெட்டவெளியில் தனித்தனியாக நிற்க, நடுவிலிருந்த தோப்பு முழுவதும் போய்விடும். இரண்டு மழைக்காலத்தில் மண் போகும், மூன்றாவதில் கிழங்களும் போகும், கிணறும் போகும். நான் வராமல் இருந்திருந்தால் அண்ணியாவது குறுக்கே நின்றிருப்பார். வெட்டுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தவனே நான்தான். தடுக்க எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மனசு ஓடிப் பார்த்தது. ஒன்றும் இல்லை.

அப்போது தனகோட்டி அம்மாள் வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்காமல் விழுந்து கிடந்த நாவல் கன்று ஒன்றின் அருகே போய் நின்றார்.

"பொறுக்கி வெட்டறதுன்னா இதானா, ரேஞ்சரய்யா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கன்னியப்பனிடம் திரும்பினார்.

"ஏம்பா, சாமி மரத்தை சாமியே குடுத்தா வெட்டுவியா?"

"உத்தரவு வந்தா ஏன் வெட்டக் கூடாதும்மா? கொடிமரத்துக்கு, தேருக்கெல்லாம் அப்டித்தானே வெட்டறாங்க?"

"அப்போ பூ கேப்போம். வெள்ளை வந்தா வெட்டு. செவப்பு வந்தா இந்த வருஷம் கூடாது, அடுத்த மாசில கேளு." பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "சுத்தி நிக்கறத மொட்டை அடிச்சிட்டு இருவத்தேழு சாமியையும் வெயில்ல நிறுத்தப் போறியாப்பா? நிறுத்து. ஊரு பாத்துகினு கீது."

ஊர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. தாம்பாளப் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. "சாமிய வெயில்ல நிறுத்தறது தப்பும்மா, நான் மாட்டேன்" என்றார் கன்னியப்பன். முதலியார் குடையை விரித்தார், மடக்கினார். பிறகு சம்மதித்தார்.

"பொட்டலத்தை ரேஞ்சரய்யா எடுக்கட்டும். அவருக்கு இந்த மரத்துல ஒரு பங்கும் இல்ல" என்றார் அண்ணி.

வேலியோரத்து வெள்ளை நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக்கொண்டு, புங்க மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவரே புங்க இலையில் பொட்டலம் கட்டினார். பிறகு மரம் மரமாகப் போனோம். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று இரண்டு பொட்டலம் வைப்பார். நான் ஒன்றை எடுத்துப் பிரித்து எல்லோருக்கும் காட்டுவேன். மற்றதை அவர் பிரிக்காமல் கற்பூரத் தீயில் போட்டுவிடுவார்.

சீல் வைத்த டெண்டர்களை முப்பது வருஷம் திறந்தவன் நான். சீட்டுக் கட்டுகிறவரும் அதில் அக்கறை உள்ளவரும் ஒருவராக இருக்கக் கூடாது, எடுக்காத சீட்டையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பவை அதில் முதல் இரண்டு விதிகள். இரண்டும் என் நாக்கு நுனி வரை வந்தன. அன்று முதல் தடவையாக என் கால்கள் ஒரு இடத்தில் நின்றன என்பதையும் கவனித்தேன். பேசாமல் பொட்டலத்தை எடுத்தேன்.

கடைசியாகக் கிணற்றுப் பாதை இலுப்பை. எனக்குச் சிவப்பு வந்தது. கற்பூரம் அதற்குள் அணைந்துபோயிருந்தது. மிச்சமிருந்த பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதா என்று யோசித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தனகோட்டி அம்மாள் அதைப் பார்த்தார். முந்தானையை உதறிக்கொண்டு நடந்தார்.

ஒன்பது மரத்துக்கு உத்தரவு கிடைத்திருந்தது. முதலியார் அந்த ஒன்பதையும், கிடந்த பதினொன்றையும் கூட்டிப் பார்த்து, இஞ்சினுக்கு முன்பணம் தேறும் என்றார். "அடுத்த மாசிலயாச்சும் சாமிய கொஞ்சம் தாராளமா இருக்கச் சொல்லுங்க அண்ணி" என்று முனகினார்.

"நானா சொல்றேன்? ரேஞ்சரு கையாலதானே வருது?"

இடி விழுந்த புளியைக் கன்னியப்பன் கும்பிட்டுவிட்டு வெட்டத் தொடங்கினார். அது விழும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். விதி ஒருவழியாக நிறைவேறிற்று. விழுந்த பிறகு அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒரு முறம் அளவுக்கு வானம் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிய வேண்டும். அந்த ஓட்டையை அடியில் நிற்கும் வாகைக் கன்று சில வருஷத்தில் அடைத்துவிடும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காஞ்சிபுரம் போகும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தேன். வரும்போது சந்தித்த அதே கண்டக்டர்தான் இந்த வண்டியிலும். டப்பாவையும் மூட்டையையும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வேலை முடிஞ்சுதா நைனா? மொதலியார் தோப்புல சாமி கண்டுபுடிச்சது நீதானாமே! அன்னிக்கு இன்னாத்துக்கு மரம் வெட்டறதுன்னு பொய் சொன்ன?" என்றார். கோயில் சாமான் என்று சுமைக்கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் கூட்டம் போட்டும் நாலு பேருக்குப் புரியவைக்க முடியாத விஷயம், மூன்று நாளில் பஸ் வரை வந்துவிட்டிருந்தது, வேறு பெயரில்.

எங்கள் வேலைத் திட்டங்களை நினைத்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு ஒரு திட்டம் எழுதுவோம்; இன்ன காட்டில், இன்ன வருஷம், இத்தனை மரம், அதற்கு மேல் கூடாது என்று. மூன்றாம் வருஷம் ஒரு மந்திரியின் மைத்துனர் வருவார், திட்டத்தில் திருத்தம் வரும். ஏகாம்பர முதலியார் தோப்பில் இனி வருஷா வருஷம் மாசியில் சில மரம் விழும். கேட்காமல் ஒரு கிளைகூட விழாது. திருத்தம் கேட்க எந்த மைத்துனரும் வர முடியாது.

கன்னியப்பன் எந்த மரத்தில் தொடங்குவார், எதில் முடிப்பார் என்று வெள்ளை வந்த ஒன்பதையும் மனசில் வரிசைப்படுத்தினேன். இடி விழுந்த புளி. சொத்தை வாகைகள். வேலியோரத்து வேம்பு. ஐந்தாவது மரத்திலேயே நிறுத்தினேன். மிச்சத்தை எண்ணத் தேவையிருக்கவில்லை. முந்தின நாள் அந்த அம்மாள் என்னோடு சண்டை போடாமல் விட்டுக்கொடுத்த மரங்கள்தான் அத்தனையும். சாமிக்கும் அவருக்கும் ஒரு மரத்தில்கூட அபிப்பிராய பேதம் இல்லை.

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். செவ்வரளி.

நான் எடுத்ததும் சிவப்பு, எடுக்காததும் சிவப்பு. இலையை முன்பு இருந்தபடியே மடித்து நாரைக் கட்டினேன். இத்தகைய முறைகேட்டைக் கண்ட அதிகாரி இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஓய்வு பெற்றதில் இதுவரை நான் கண்ட ஒரே லாபம், எனக்கு மேலதிகாரி இல்லை என்பதுதான்.